அப்பஸ்ஸிமெந்தோ (வைனுக்காகப் பறித்த திராட்சையின் நீரைக் குறைக்கும் இத்தாலிய முறை): தமிழில் என்ன சொல்லலாம்?

> 'உலர்த்தல்' போதுமே?

போதாது ஐயா. 'உலர்' என்றதுமே படிப்பவர் பாயசத்தில் போடும் உலர்திராட்சைக்குப் போய்விடுவார். 'வற்றல்' இன்னும் மோசம். அது மிளகாய் ஒடிகிற பதம்.

இத்தாலியின் வெரோனா நகருக்குக் கிழக்கே சோவாவேயில் நடப்பது வேறு. ரெச்சோத்தோ தி சோவாவே என்னும் இனிப்பு வெள்ளை வைனுக்கு, நன்கு பழுத்த கர்கானெகா வகைத் திராட்சைக் கொத்துகளைக் கையால் பொறுக்கி, நாணல் தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்புவார்கள். கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவதும் உண்டு. காற்றோடும் பரணில் சில மாதம் கிடக்கும். எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு போகும். சாறு மட்டும் உள்ளே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் எதைப் பிழிவது? ஆகவே 'வாட்டல்'.

> வாட்டுவது என்றால் வாழையிலையை அனலில் காட்டுவதல்லவா? சித்த மருந்துச் செய்முறைகளில் 'நிழலில் உலர்த்தி' என்ற வழக்கு இருக்கிறதே.

அனல் கட்டாயமில்லை. தேயிலைக் கொழுந்தை வாட்டுவதும் காற்றில்தான். ஆனால் உங்கள் 'நிழல்' அருமை, அதை விடக்கூடாது. ஏனென்றால் சிசிலிக்குத் தென்மேற்கே பாந்தெல்லேரியா தீவில் சிபிப்போ திராட்சையை வெயிலில் போடுகிறார்கள். அது வெயில்வாட்டல், இது நிழல்வாட்டல்.

விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்கவேண்டும்: பரணில் ஈரம் தேங்கினால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். தோல் வெடித்த ஒரே பழம் பக்கத்துப் பழங்களையும் கெடுத்துவிடும். ஒரே அடுக்கு என்பதும், அடிக்கடி பார்த்து அழுகலைக் கிள்ளி எறிவதும் அதற்காகத்தான். கர்கானெகாவின் தோல் தடிப்பு. அதனால்தான் இத்தனை நாள் தாங்குகிறது.

> வைனின் பெயர்? 1998-இல் கிடைத்த டிஓசிஜி (இத்தாலிய வைன்களின் உச்சத் தகுதி) என்பதற்குப் 'புவிசார் குறியீடு' என்று எழுதலாமா?

வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது வேறு, தளர்ந்த வகை. இங்கே திராட்சை விளைவதும் வைன் ஆவதும் அதே வட்டாரத்தில்தான். 'உறுதிசெய்த தோற்றப்பெயர்' என்றே எழுதுவோம். பதிவு இப்படி இருக்கட்டும்:

நிழல்வாட்டல் (பெ.): பறித்த திராட்சையைக் காற்றோட்டமான நிழலில் வைத்து நீரைக் குறைத்து, இனிப்பைச் செறிவாக்குதல். இச்சாறு மெல்ல நொதிக்கும். நுரைமம் (ஈஸ்ட்) ஓய்ந்தபின் மிஞ்சும் சர்க்கரையே வைனின் இனிப்பு. ஒப்பிடுக: வெயில்வாட்டல்.
வாட்டுத்திராட்சை வைன் (பெ.): பாஸ்ஸித்தோ.