பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என்ன படித்தீர்கள்?

கரிசல் மகள்:

இந்த 2026-இல் பொங்கல் வியாழக்கிழமை வந்ததால் ஞாயிறு வரை நான்கு நாள் சேர்ந்தாற்போலக் கிடைத்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் ஆறு புத்தகங்கள் வாங்கினேன். கோவில்பட்டி போய்ச் சேர்வதற்குள் பேருந்திலேயே ஒன்றை முடித்துவிடலாம் என்று கணக்கு. கிளாம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டவே மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

வீட்டில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து விளம்பரம் வரை விடாமல் வாசிக்கிற மனிதர். கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைக் குரலை வைத்தே விசாரித்துக்கொண்டிருந்தார். என் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, செங்கலா? ஒண்ணை எடுத்து வாசி, கேப்போம்" என்றார்.

எதை வாசிப்பது என்று யோசித்து, கி. ராஜநாராயணன் சிறுகதைகளை எடுத்தேன். அவருடைய இடைசெவல் எங்கள் பக்கத்து ஊர்தான். அந்தப் பேச்சு அப்பாவுக்கு ஒட்டும் என்று நினைத்தேன். 'கதவு' கதையை ஆரம்பித்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி ஆடி விளையாடுகிறார்கள். அதுதான் அவர்களுக்கு பஸ். தீர்வை பாக்கி என்று தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். கதவு இல்லாத வீட்டில் பனிக்காற்று நுழைகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒரு நாள் அந்தக் கதவை வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

கதையை நான் முன்பு மூன்று முறையாவது படித்திருப்பேன். உரக்க வாசித்தது இதுதான் முதல் முறை. கடைசிப் பக்கத்தில் குரல் நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பெரிய தாத்தா வீட்டுக் கதவையும் அப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க" என்றார்.

எனக்கு நாற்பத்தொரு வயது. இத்தனை வருடத்தில் வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை. மழை இல்லாத இரண்டு வருடம், கிஸ்தி கட்ட வழியில்லை. கதவைக் கழற்றிச் சாவடியில் சாத்தி வைத்தார்களாம். பெரிய தாத்தா வீட்டு வாசலில் பனையோலைத் தட்டியைக் கட்டி ஒரு கார்த்திகையும் ஒரு மார்கழியும் ஓட்டியிருக்கிறார்கள். பணம் கட்டிக் கதவை மீட்டு வந்தபோது மழையில் நனைந்து உப்பிப்போய், கதவு சுழலும் குடுமி அதன் குழியில் உட்காரவில்லை. "அப்புறம் என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன். "தொழுவத்துல நிக்குல்லா, அதான்" என்றார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசும்போது அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பக்கம் ஒரு சாண் அறுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் நானும் அதில் ஏறி ஆடியிருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன்.

மீதி ஐந்து புத்தகத்தையும் நான் திறக்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. நீங்கள் இந்த விடுமுறையில் என்ன படித்தீர்கள், யாரோடு படித்தீர்கள் என்று எழுதுங்களேன்.

காவிரிக்கரை:

அக்கா, உங்கள் தொழுவத்துக் கதவைப் படித்த பிறகு என்னுடையதையும் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்தோம். உடைந்த முறம், கிழிந்த பாய், நாற்காலிக் கால் எல்லாம் கீழே வந்தன. அவற்றோடு ஒரு தகரப் பெட்டி. உள்ளே பைண்டு செய்த நான்கு தொகுதிகள். முதுகில் காடாத் துணி ஒட்டி, பசையை எல்லாம் பூச்சி தின்றிருந்தது. சித்தப்பா மகன் அப்படியே தூக்கிப் போகிக் குவியலில் போட்டுவிட்டான். காலையில் கொளுத்துவதற்கு முன் நான் சும்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பொன்னியின் செல்வன். 1950-இல் தொடங்கிக் கல்கி இதழில் வாராவாரம் வந்தபோதே கிழித்துச் சேர்த்த பக்கங்கள், மணியம் வரைந்த படங்களோடு!

இப்போது அந்த நாவல் எத்தனையோ பதிப்பில் கிடைக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் எந்தக் கடையிலும் மலிவாக வாங்கலாம். நானும் கல்லூரியில் படித்தபோது ஐந்து பாகத்தையும் படித்து முடித்தவன்தான். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது வேறு. ஒரு அத்தியாயம் முடிகிற பக்கத்தின் மறுபுறத்தில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம், பாதியில் அறுந்த ஒரு துணுக்கு. ஓரத்தில் பென்சிலில் பால் கணக்கு.

அந்தக் கையெழுத்து எங்கள் பாட்டியுடையது என்று அத்தைதான் சொன்னார். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. கதை வந்தபோது அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியுமாம். பாட்டி வாசிப்பார், தெருப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவன் தப்பிப்பானா மாட்டானா என்று ஆற்றங்கரையில் பேச்சு நடக்கும்.

பொங்கல் அன்று மதியம் சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் படுத்திருந்தபோது நான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது தொகுதியில் ஒரு வாரத்துப் பக்கம் இல்லை. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு ஓட்டிக்கொண்டு போகிற பகுதி. கைபேசியில் தேடி எடுக்கலாம் என்று எழுந்தேன். அத்தை படுத்தபடியே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "அந்த வாரத்துப் புஸ்தகத்தை எதிர்த்தாத்து மாமி வாங்கிண்டு போனா, திரும்பி வரவே இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை வாயாலேயே சொன்னார். அலையும் இருட்டும் படகின் ஆட்டமும் அவர் குரலில் வந்தன. பிற்பாடு அச்சில் எடுத்து ஒப்பிட்டேன். அத்தை சொன்னதில் பாதி கல்கி எழுதியதில்லை. அது பாட்டி சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம், அத்தையே சேர்த்ததாகவும் இருக்கலாம். அதை நான் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். தொகுதிகளை மறுபடி பைண்டு செய்யும்போது அந்த இடத்தில் வெற்றுத் தாள் வைத்து, அத்தை சொன்னபடியே எழுதி ஒட்டப் போகிறேன்.

போகிக்குப் பரண் ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதையும் பிரித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

அடுப்படி வாசகி:

எல்லோரும் வாசித்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். கூடத்தில் படுத்துக் கதை கேட்டவர்களுக்கு அந்த மதியம் யார் பாத்திரம் தேய்த்தது என்பதையும் நான் கேட்கத்தான் வேண்டும். குறை சொல்வதற்காக இல்லை தம்பி. என் நான்கு நாளும் அங்கேதான் கழிந்தன.

பொங்கல் அன்று பதினேழு பேர். மாட்டுப் பொங்கலுக்கு இருபத்திரண்டு. மறுநாள் கறிச்சோறு. படிக்க எடுத்துப்போன நாவலைத் திறக்கக்கூட இல்லை. சிறுகதை என்றால் ஒன்றாவது முடியும் என்று, வெல்லப் பாகு பதம் வரும் நேரத்தில் கைபேசியில் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்தேன். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் சமையலறை. பெரிய வீடுதான், ஆனால் சமையலறை மட்டும் ஒரு மூலையில், இருட்டாக. அவர் சொல்கிற ஜன்னலைப் படித்துவிட்டு நான் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அதன் முன்னால் என் கணவர் வேண்டாத பழைய அலமாரியை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது.

மாமியார், "என்ன படிச்சுக்கிட்டு நிக்கிற, பாகு முறுகுது பாரு" என்றார். கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். சாயங்காலம் தன் இரண்டு மகன்களையும் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால் இருக்கிற முருங்கை மரம் இப்போது அடுப்படியிலிருந்து தெரிகிறது. அவ்வளவுதான் என் பொங்கல் வாசிப்பு.

காவிரிக்கரை:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். அண்ணியும் அம்மாவும் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த பகுதியை இரவு, அவர்களும் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாசித்திருக்க வேண்டும். இனி அப்படியே செய்கிறேன்.

சிவகாசி மாமா:

நான் சிவகாசிக்காரன். எங்களூர் என்றால் பட்டாசு, காலண்டர் என்பார்கள். எனக்கு முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வருகிற ஊர். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டுப் பிளக்கில் விரலை விட்டு உதை வாங்கிய பையன்கள் எங்கள் தெருவில் உண்டு.

அக்கா பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பத்து வயது. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. கன்னடமும் இங்கிலீஷும்தான் படிப்பான். அவன் அம்மா அரிச்சுவடி வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டாள், தொடவில்லை. நான் என் பழைய காமிக்ஸ் அட்டைப்பெட்டியை நடுவீட்டில் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

படம் பார்க்க வந்தவன், பெரிய எழுத்தில் இருந்த ஒரு சத்தத்தில் மாட்டிக்கொண்டான். "தாத்தா, இது என்ன?" டு, மீ, ல். சேர்த்துச் சொல்லிப் பார்த்து அவனே சிரித்தான். அப்புறம் 'படார்', 'தொபுக்கடீர்'. அலறுகிற இடத்தில் 'ஆ' ஏன் ஐந்து தடவை வருகிறது என்று கேட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சத்தங்களிலேயே முப்பது எழுத்துக்கு மேல் பிடித்துவிட்டான். சனிக்கிழமை கூண்டுக்குள் இருக்கும் வசனத்துக்கு வந்தான். 'ழ' மட்டும் இன்னும் தகராறு. போகும்போது நான்கு புத்தகம் கேட்டான், பதினைந்து கொடுத்து அனுப்பினேன். நான் 1980-களில் சேர்த்தவை. கொடுக்க மனது கொஞ்சம் கஷ்டப்பட்டது உண்மைதான்.

ஸ்கார்பரோவிலிருந்து:

இங்கே கனடாவில் பொங்கலுக்கு விடுமுறை இல்லை. வியாழன் விடிய எழும்பி, வெளியே பனி கிடக்க, குசினி அடுப்பிலேயே பொங்கிப் படைத்துவிட்டு வேலைக்குப் போனோம். சனிக்கிழமைதான் அண்ணா, அக்கா குடும்பம் எல்லாம் எங்கட வீட்டில் கூடியது.

அப்பாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிய மல்லிகை இலக்கிய இதழை ஆரம்பத்திலிருந்தே சேர்த்துவந்தார். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது, இதழ்கள் இருந்த டிரங்குப் பெட்டியை எடுக்க முடியவில்லை. கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா? அந்தப் பெட்டியைப் பற்றி அப்பா ஒருநாளும் குறைசொல்லிக் கதைத்ததில்லை. புத்தகக் கதை வந்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவார்.

சனிக்கிழமை எல்லாரும் சாப்பிட்ட பிறகு நூலகம் இணையத்தளத்தை டாப்லெட்டில் திறந்து, பழைய மல்லிகைகள் இருக்கிற பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவருகிறார்கள். யாரோ பாதுகாத்து வைத்திருந்த பிரதிகள், யாரோ மினக்கெட்டு ஸ்கான் பண்ணியது. அட்டையில் இருந்த ஆளின் முகத்தை அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் போனார். கதை, கவிதை ஒன்றையும் வாசிக்கவில்லை. ஒரு விளம்பரத்தில் நின்றுவிட்டார். யாழ் நகரத்தில் அவர் மாதாமாதம் மல்லிகை வாங்கிய கடை அது. "இந்தக் கடை வாசலில்தான் சைக்கிளை விடுறனான்" என்றார். அங்கிருந்து தெருவைத் தொடங்கி, இடப்பக்கம் எந்தக் கடை, வலப்பக்கம் எந்தக் கடை என்று பஸ் நிலையம் வரைக்கும் சொன்னார். அண்ணாவின் மகள் ஒரு கடதாசியில் அதைப் படமாக வரைந்துகொண்டே வந்தாள்.

பொங்கலுக்கும் இந்த வேலைக்கும் ஒரு உறவு இருக்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில்தான் தொடங்கியது. பல நாடுகளில் இருக்கிற தன்னார்வலர்கள் செய்தது. எங்களைப் போல ஊரை விட்டு வந்த வீடுகளில் அதன் அருமை தெரியும்.

ஞாயிறு காலையில் அப்பா எழும்பினதும் முதலில் கேட்டது டாப்லெட்டைத்தான். இப்போது 1970-களில் நிற்கிறார்.

கரிசல் மகள்:

எல்லாவற்றையும் இன்று மாலை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அலமாரியை நகர்த்திய மாமியாரைப் பற்றிக் கேட்டதும் என் அம்மாவைப் போனுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கி. ராஜநாராயணன் தொகுப்பையும் கு. அழகிரிசாமி கதைப் புத்தகத்தையும் ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வாசிக்கிறானாம். ஒரு கதைக்கு இரண்டு பனங்கிழங்கு கூலி. நேற்று அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' வாசித்தானாம். தீபாவளிக் கதையைப் பொங்கலுக்கு வாசிக்கலாமா என்று கேட்டானாம். அப்பா, "வாசிடே, பசி எல்லா மாசத்துக்கும் உள்ளதுதான்" என்றாராம். இன்றைக்கு எந்தக் கதை என்று கேட்டேன். பையன் இன்னும் வரவில்லை, கிழங்கு அவித்து வைத்திருக்கிறது என்றார்.