ஊசி போட்ட குட்டிகளுக்கே ஸ்வைன் ஃபீவர்: இன்னொரு டோஸ் போடலாமா?

படப்பைப் பண்ணை:
வணக்கம். படப்பை பக்கத்தில் சின்னதாக வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். யார்க்‌ஷயர் கலப்பு. தீனிக்கு தாம்பரம், குரோம்பேட்டை ஓட்டல்களிலிருந்து மிச்சச் சாப்பாடு டிரம்மில் வரும். போன ஆடிக் கடைசியில் ஸ்வைன் ஃபீவர் (பன்றிகளைக் கொல்லும் வைரஸ் காய்ச்சல்) வந்து நிறைய குட்டிகள் போய்விட்டன. கால்நடை மருத்துவர் வந்து மிச்சம் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார். அப்போது பாதிச் சினையாக இருந்த ஒரு தாய், புரட்டாசியில் ஈன்றது. இரண்டு குட்டி செத்தே பிறந்தன. ஒன்று பிறந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்து போய்விட்டது. மற்றவை நன்றாகப் பால் குடித்தன. இரண்டு மாதத்தில் அவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று.

இப்போது தை மாதம். அந்த ஈற்றில் இரண்டு குட்டிகள் வளரவே இல்லை. கண்ணில் பீளை, பின்னங்கால் தள்ளாட்டம். ஆனால் காய்ச்சல் இல்லை, தீனியும் ஓரளவு எடுக்கின்றன. பக்கத்து அறையில் புதிதாக வாங்கி விட்ட குட்டிகள்தான் கடும் காய்ச்சலில் விழுகின்றன. ஒரு லேபில் அந்த இரண்டின் ரத்தம் கொடுத்தேன். ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) இல்லை, ஊசி பிடிக்கவில்லை, திரும்பப் போடுங்கள் என்றார்கள். போடலாமா?

செங்குன்றம் வளர்ப்பாளர்:
ஊசி ஐஸ் இல்லாமல் வந்திருக்கும் அண்ணே. இங்கேயும் ஒரு தடவை வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கரைத்த பிறகு மரத்தடியில் வைத்துப் பேசிக்கொண்டு நின்றால் மருந்து வெறும் தண்ணீர்தான். புது பேட்ச் வாங்கிப் போடுங்கள்.

வேப்பேரி பழைய மாணவன்:
செங்குன்றம் தம்பி சொல்வது பல பண்ணைகளுக்குப் பொருந்தும். உயிருள்ள வைரஸ் ஊசி, சூடு ஆகாது. ஆனால் இங்கே கதை வேறு. நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகி, ஓய்வு பெற்றவன். படப்பைத் தம்பி எழுதியதில் எனக்கு மணி அடித்த இடம் 'பாதிச் சினை'.

பன்றிச் சினை 114 நாள். அதில் சுமார் 50லிருந்து 70 நாளுக்குள் ஸ்வைன் ஃபீவர் வைரஸ் தாயின் ரத்தத்தில் ஏறினால் கருவுக்கும் போய்விடும். அந்த வயதில் கருவுக்கு எது தன் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்துப் பார்க்கும் திறன் முழுதாக வந்திருக்காது. வைரஸையும் வீட்டு ஆள் என்று சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. பிறகு ஆயுள் முழுக்க அதை எதிர்க்காது. ஆன்டிபாடி உண்டாகாது, ரத்தத்தில் வைரஸ் எப்போதும் ஓடும். எச்சில், மூக்குச் சளி, மூத்திரம், சாணம் எல்லாவற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கும். சில மாதம் நன்றாக இருந்து, அப்புறம் வத்தலாகும், கால் தள்ளாடும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சாகும். அதுவரை பக்கத்து அறைக்கு நோய் சப்ளை நடக்கும். செத்துப் பிறந்ததும், நடுங்கியதும் அதே கணக்கில்தான் வரும்.

ஆக, உங்கள் லேப் சொன்ன 'ஆன்டிபாடி இல்லை' என்பது ஊசி தோற்றதற்கு மட்டும் அடையாளம் இல்லை. சரியாகச் சந்தேகப்பட்டிருந்தால் அங்கேயே வைரஸைத் தேடியிருக்க வேண்டும். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியது) ரத்தம் எடுத்து, வைரஸையே தேடும் பிசிஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரின் கடிதத்தோடு மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் அந்தக் குட்டிக்கு எத்தனை டோஸ் போட்டாலும் வீண். ஊசி எதிர்ப்பைத் தூண்டத்தான் செய்யும். இந்த வைரஸை எதிர்க்கவே தெரியாத உடம்பில் தூண்ட ஒன்றும் இல்லை.

அதைவிட மோசம், ஒரே ஊசிமுனையால் அதற்கும் குத்தி அடுத்ததற்கும் குத்தினால் நீங்களே நோயை ஏற்றி விடுகிறீர்கள். குறைந்தது அறைக்கு ஒரு முனை. முடிந்தால் பன்றிக்கு ஒன்று. காசு பெரிதில்லை.

படப்பைப் பண்ணை:
டாக்டர், அப்படியென்றால் சினையில் ஊசி போட்டதால்தான் இப்படி ஆனதா? அந்தத் தாயை என்ன செய்வது?

வேப்பேரி பழைய மாணவன்:
ஊசி மேல் பழி வேண்டாம். கொட்டகையில் சுற்றிய நோய் வைரஸ், ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே தாய்க்குள் போயிருக்கும். தாய் நோயை வென்று, பார்க்க ஆரோக்கியமாக நிற்கும், அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதனால் ஊசியை வெள்ளம் வந்த பிறகு போடாமல், தாய்களுக்கு இணை சேர்க்கும் முன்பே போட்டு முடிக்க வேண்டும். ஆண் பன்றியை மறந்துவிடாதீர்கள், அதை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை.

அப்படிப் போட்ட தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்குக் கொஞ்ச நாள் காப்பு கிடைக்கும். அதே காப்பு, சீக்கிரம் போடும் ஊசியையும் அடித்துவிடும். ஆறு, எட்டு வாரம் பொறுத்துக் குட்டிக்குப் போடுவது இதனால்தான்.

இன்னொன்று. பழைய ஊசி முயலில் வளர்த்தது. 1964 முதல் இங்கே அதுதான். ஒரு முயலின் மண்ணீரலில் 50 டோஸ்தான் தேறும். நாட்டுக்கு வருடம் 2 கோடி டோஸுக்கு மேல் தேவை, கிடைத்ததோ 12 லட்சம் அளவு. 'ஸ்டாக் இல்லை' என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போன விஷயம். 2020ல் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆய்வு நிலையம், நம் நாட்டு வைரஸை வைத்து, முயல் இல்லாமல் ஆய்வகத்தில் உயிரணுக்களில் வளர்க்கும் ஊசியை வெளியிட்டது. உங்கள் மருத்துவரிடம் அது கிடைக்குமா என்று கேளுங்கள்.

செங்குன்றம் வளர்ப்பாளர்:
டாக்டர், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒருத்தர் விலை சொல்கிறார்.

வேப்பேரி பழைய மாணவன்:
வாங்காதீர்கள். அது ஸ்வைன் ஃபீவர் இல்லை, வேறு வைரஸால் வரும் நோய். 2022ல் வியட்நாம் ஒரு ஊசிக்கு அனுமதி கொடுத்தது. இங்கே பண்ணைக்கு விற்க அப்படி எதற்கும் அனுமதி இல்லை. அந்த நோய் 2020ல் அசாம் வந்து, 2022ல் வயநாடு வரை இறங்கிவிட்டது. கண்ணால் பார்த்தால் இரண்டு நோயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் படப்பைத் தம்பி, புதுக் குட்டிகள் விழுவதை இது ஸ்வைன் ஃபீவர்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். அரசு கால்நடை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சோதனை நடக்கட்டும்.

முடிவு வரும்வரை ஒரு பன்றியையும் விற்காதீர்கள், அந்த இரண்டு வத்தலை அடிமாட்டு விலைக்குக்கூட. ஓட்டல் டிரம்மை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதில் பன்றிக்கறித் துண்டு இருந்தால் ஆடியில் வந்த வழியே அதுவாக இருக்கலாம். இந்த இரண்டு நோயும் மனிதருக்குத் தொற்றாது, வீட்டில் பயப்பட வேண்டாம்.

படப்பைப் பண்ணை:
சரி டாக்டர். மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டேன், காலையில் ரத்தம் எடுக்க வருகிறார். இரண்டையும் பின்பக்கத் தனி ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன்.

வேப்பேரி பழைய மாணவன்:
அந்த ஷெட்டுக்குத் தனி வாளி, தனி செருப்பு. தீனி வைப்பதும் கழுவுவதும் கடைசியில் அங்கே.