ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் நான் கேட்ட தவறான கேள்வி

தான்சானியாவில் கோரோங்கோரோவிலிருந்து செரெங்கெட்டிக்குச் செல்லும் வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கைப் பார்க்க இறங்கியபோது, வழிகாட்டியிடம் நான் கேட்ட முதல் கேள்வியே பிழையாகிவிட்டது. 1959 ஜூலை 17 அன்று தொல்லியலாளர் மேரி லீக்கி இங்கே கண்டெடுத்த ஆதிமனித இன மண்டையோட்டின் வயதைக் கார்பன் சோதனையில்தானே கணித்தார்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எலும்பிலுள்ள கதிரியக்கக் கார்பனான கார்பன் 14 பாதியாகக் குறைய ஏறக்குறைய 5,730 ஆண்டுகளே ஆகும் என்பதால், 50,000 ஆண்டுகளைத் தாண்டிய எலும்பில் அளப்பதற்கு ஏதும் மிஞ்சாது என்று பொறுமையாக விளக்கினார்.

பிறகு சரிவில் குனிந்து, செம்மண் படுகைகளுக்கு வெகு கீழே ஓடிய வெளிறிய சாம்பல் நிறப் பட்டையைக் காட்டினார். விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் அந்த எரிமலைச் சாம்பலுக்குள் உப்புக்கல் போலச் சில துணுக்குகள் வெயிலில் மின்னின. வயதைச் சொல்பவை எலும்புக்கு மேலும் கீழும் கிடக்கும் இத்தகைய துணுக்குகளே. எரிமலைக் குழம்பு கொதிக்கும்போது அதிலுள்ள ஆர்கான் வாயு வெளியேறிவிடுகிறது. குளிர்ந்து படிகமானபின், பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் எடுக்கும் பொட்டாசியம் 40 மெல்லச் சிதைந்து உண்டாக்கும் ஆர்கான் உள்ளேயே அடைபட்டுச் சேர்கிறது. அந்தச் சேமிப்பை 1961இல் அளந்தபோது 17.5 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. மேரியின் கணவரும் ஆய்வாளருமான லூயிஸ் லீக்கி அதுவரை மதிப்பிட்டிருந்ததோ சுமார் 6 லட்சம்தான்.

கருவி சொல்வதாலேயே எண் சரியாகிவிடுவதில்லை என்பதையும் அன்றுதான் கேட்டறிந்தேன். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் ஒரு சாம்பல் அடுக்குக்கு முதலில் 26 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருந்தனர். ஆனால் அங்கே கிடைத்த பன்றிப் பற்களோ, எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் அதைவிட மிகவும் பிந்தைய அடுக்குகளில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போயின. (பன்றிகள் விஞ்ஞானிகளைத் திருத்தியதை நான் மிகவும் ரசித்தேன்.) ஆற்றுநீர் அடித்துவந்த பழைய துணுக்குகள் கலந்துவிட்டால் வயது கூடிவிடும். மறுபடியும் கவனமாகப் பொறுக்கி அளந்ததில் அது சுமார் 19 லட்சமாகக் குறைந்தது.

திரும்பும் வழியில், அங்குள்ள அருங்காட்சியகத்தில் தான்சானியாவின் லேட்டோலி என்ற இடத்தில் கிடைத்த காலடித் தடங்களின் அச்சுவார்ப்பைக் கண்டேன். ஏறக்குறைய 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலின் மீதே நடந்தவர்களின் தடங்கள் அவை. குதிகால் அழுந்திய குழி, விரல் நுனியைவிட ஆழமாக இருந்தது.