லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் நான் கண்ட கர்பால் சிங்

மலேசிய வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்பால் சிங் அவர்களை நான் முதன்முதலில் அருகிலிருந்து பார்த்தது 2009ஆம் ஆண்டில், பினாங்கு ஜார்ஜ்டவுன், லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர்நீதிமன்றத்தில். நான் அப்போது சேம்பரிங் மாணவன், அதாவது மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் தொழிற்பயிற்சி பெறுபவன். என் மூத்த வழக்கறிஞரின் கோப்புகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடப்பதே பெரும்பாலும் என் வேலை. 2005இல் நேர்ந்த சாலை விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் கர்பால் நீதிமன்றத்துக்கு வருவார். மற்ற வழக்கறிஞர்கள் நின்று வாதாடும் இடத்தில் அவர் அமர்ந்தபடியே, குரலை உயர்த்தாமல் வாதாடினார். தீர்ப்புத் தொகுப்புகளில் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன. அவர் பக்க எண்ணைச் சொல்வார், உதவியாளர் புரட்டிக் காட்டுவார். ஒரு முறைகூட அவர் எண்ணைத் தவறாகச் சொல்லவில்லை.

வழக்கு முடிந்ததும் கதவைத் திறந்து பிடித்திருந்த என்னிடம் பெயரையும், யாரிடம் பயிற்சி பெறுகிறேன் என்பதையும் விசாரித்தார். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். ஆனால் சட்டத் தேர்வில் ஒரு தாளில் தவறிய எனக்கு, சிங்கப்பூரில் அவர் சட்டப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின என்று தெரிந்திருந்ததால், அந்த இரண்டு நிமிடங்கள் பெரிய ஆறுதலாக இருந்தன.

ஜாகா (காவலாளி) வேலை பார்த்து, மாடு வளர்த்துப் பிழைத்த ஒரு பஞ்சாபித் தந்தையின் மகன் அவர். 1970இல் ஜனநாயகச் செயல் கட்சியில் சேர்ந்து, 1978இல் ஜெலுத்தோங் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். 1999இல் அங்கே தோற்றாலும், 2004இல் புக்கிட் குளுகோரில் வென்று திரும்பினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அவரை 'ஜெலுத்தோங் புலி' என்றே சொல்வார்கள்.

என் பார்வையில், வழக்கறிஞர் கர்பாலையும் நாடாளுமன்ற உறுப்பினர் கர்பாலையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. இதை எனக்கு உணர்த்தியது 1988ஆம் ஆண்டு வழக்கு. எதிர்க்கட்சியினரையும் சமூக ஆர்வலர்களையும் கூட்டாகக் கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது, 1987 அக்டோபரில், விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவரைத் தடுத்து வைத்தார்கள். அவர் மீது சுமத்தப்பட்ட ஆறு குற்றச்சாட்டுகளில் ஆறாவது உண்மைக்குப் புறம்பானது என்பதை எடுத்துக்காட்டி, ஆட்கொணர்வு மனுவில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அன்றே மீண்டும் கைது செய்யப்பட்டு, 1989 ஜனவரி வரை அடைபட்டிருந்தார். சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் நம்பி வாதாடிய ஒருவருக்கு அந்த விடுதலை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை என்பதைப் பயிற்சிக் காலத்தில் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். வெளியே வந்த பிறகும் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. பதவி நீக்கப்பட்ட துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமுக்காக நீதிமன்றத்துக்குள் பேசிய சொற்களுக்காகவே அவர் மீது தேச நிந்தனை வழக்குப் போடப்பட்டு, 2002இல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஹுடுட் எனப்படும் இஸ்லாமியக் குற்றவியல் தண்டனைச் சட்டத்தை அவர் எதிர்த்த விதம் கூட்டணித் தோழர்களைப் பலமுறை சங்கடப்படுத்தியது. இன்னும் சற்று நிதானித்திருக்கலாம் என்று அந்த நாள்களில் நானும் எண்ணியதுண்டு. அரசியலமைப்பு என்ன சொல்கிறதோ அதை வாக்குக்காக மாற்றிப் பேச அவருக்கு வராது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2009இல் பேராக் மாநில ஆட்சி மாற்றத்தின்போது, மாநில முதல்வரை நீக்கிய சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று அவர் சொன்னது இன்னொரு தேச நிந்தனை வழக்கானது. 2014 மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். 2,000 ரிங்கிட் அபராதமே ஒருவரின் நாடாளுமன்றத் தகுதியைப் பறிக்கப் போதுமானது என்பதால், மேல்முறையீடு முடியும்வரை அவருடைய பதவி ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 17 அதிகாலையில், ஒரு வழக்குக்காகப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தபோது, கம்பார் அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். அன்று காலை லைட் ஸ்திரீட் நீதிமன்றத் தாழ்வாரத்தில், கறுப்பு அங்கியோடு வந்த வழக்கறிஞர்கள் அறைகளுக்குள் போக மனமில்லாமல் நின்றார்கள். என் மூத்தவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேல்முறையீடு செய்தவர் இறந்துவிட்டால் வழக்கும் அதோடு முடிந்துவிடும். அபராதத் தண்டனைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதனால் அவர் குடும்பத்தார் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தச் செய்தியை என் மூத்தவருக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன்; இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.