உதவி: 2014ஜே சூப்பர்நோவாவை வைத்து எம்82-இன் தொலைவு சரியாக வரவில்லை

முதுகலை_மாணவி: வணக்கம். புராஜெக்டுக்காக, 2014 ஜனவரியில் எம்82 கேலக்ஸியில் தெரிந்த சூப்பர்நோவா 2014ஜே-வை எடுத்திருக்கிறேன். டைப் 1ஏ வகை, அதாவது வெண்குறு விண்மீன் வெடிப்பது. வி பட்டையில் (கண்ணுக்குத் தெரியும் பச்சை-மஞ்சள் ஒளி) உச்சப் பொலிவெண் சுமார் 10.6; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். தனிப் பொலிவெண் (தொலைவு சாராத உண்மைப் பிரகாசம்) −19.2 என்று வைத்தால் தொலைவு 3 கோடி ஒளியாண்டு வருகிறது! எம்82 இருப்பதோ சுமார் 1.15 கோடியில். தூசிதான் காரணம் என்று, சிவப்பேற்றம் (தூசி நீல ஒளியை அதிகம் மறைப்பதால் வரும் நிற மாற்றம்) 1.3-ஐ வழக்கமான 3.1-ஆல் பெருக்கி, வி-யில் தூசி மறைத்த அளவாகக் கழித்தேன். இப்போது 47 லட்சம். மூன்று நாளாக இதே கதை. எங்கே தப்பு?

இரவுவானம்: கணக்கு சரிதான் தங்கச்சி, 3.1-இல்தான் சிக்கல். அது நம் பால்வெளித் தூசியின் சராசரி. 2014ஜே-வை மறைக்கும் தூசிக்கு 1.4 அளவில்தான் கண்டார்கள். பேசாமல் அகச்சிவப்புக்குப் போங்க. 1.6 மைக்ரான், எச் பட்டை. வி-யில் 2 பொலிவெண் மங்கினால் எச்-இல் 0.4 கூட மங்காது. தூசியைத் தப்பாகக் கணித்தாலும் தொலைவு அதிகம் ஆடாது. அதோடு, டைப் 1ஏ எல்லாம் எச்-இல் ஏறக்குறைய ஒரே பிரகாசம், −18.3 பக்கம்.

முதுகலை_மாணவி: நன்றி அண்ணா. எச் தரவை வரைந்தால் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு மேடு. எதை எடுக்க?

இரவுவானம்: முதல் மேட்டை. நீல ஒளியின் உச்சத்துக்குச் சில நாள் முன்பே அது வந்துவிடும். நீல உச்சம் பிப்ரவரி தொடக்கம், அதனால் ஜனவரி கடைசிப் புள்ளிகளைப் பாருங்க. சில வாரம் கழித்து வருவது வேறு சங்கதி: சிதறிய பொருள் ஆறும்போது இரும்பு அயனிகள் ஓர் எலக்ட்ரானைத் திரும்பப் பிடிக்கும், ஆற்றல் அகச்சிவப்பாக வழியும். எனக்கு மிகவும் பிடித்த வளைவு அது.

குவியம்: ஒன்று சேர்க்கிறேன். காற்றிலுள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகளால் எச் பட்டையில் இரவு வானமே ஒளிரும். எம்82-ம் பின்னால் பளிச்சென்று இருக்கும். இரண்டையும் கழித்த தரவுதானா?

முதுகலை_மாணவி: கேலக்ஸியைக் கழிக்கவில்லை! கழித்துவிட்டு முதல் மேட்டை எடுத்தேன். 1.2 கோடி வந்துவிட்டது! அப்புறம், தூசி குறைந்த இன்னொரு டைப் 1ஏ சூப்பர்நோவாவான 2011எஃப்இ-யில் வி-யும் எச்-உம் தரும் தொலைவு ஒத்துப்போகுமா?

இரவுவானம்: ஒத்துப்போகணும். அது எம்101 கேலக்ஸியில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. போட்டுப் பார்த்து இங்கேயே எழுதுங்க.