எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மடிக்கணினி: பேட்டரியை எப்படிக் காப்பது?

கேள்வி

வணக்கம். மொழிபெயர்ப்பு வேலைக்காக என் மடிக்கணினி காலை முதல் இரவு வரை மேசையிலேயே, சார்ஜர் செருகியபடியே இருக்கிறது. வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை அண்மையில் எடுத்துப் பார்த்தபோது, வடிவமைப்புக் கொள்ளளவு 50,000 மில்லிவாட்-மணி என்றும், இப்போது முழுதாக ஏறுவது 37,000 என்றும் இருந்தது. நாள்தோறும் ஒருமுறை தீரவிட்டு ஏற்ற வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், மூன்று வாரமாக மாலையில் சார்ஜரை எடுத்துவிட்டு 5 விழுக்காடு வரை இறக்கி வருகிறேன். இன்னொருவரோ பேட்டரியையே கழற்றி வைத்துவிடச் சொல்கிறார். எது சரி என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நாள்தோறும் தீரவிடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் புழக்கத்தில் இருந்த காலத்து அறிவுரை. இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரிக்கு அது நன்மை செய்யாது, தேய்மானத்தைத்தான் கூட்டும். பயன்படுத்திய மின்னேற்றம் மொத்தமாக 100 விழுக்காட்டை எட்டும்போது ஒரு சுழற்சி கழிகிறது. அந்தக் கணக்கில், மேசையை விட்டு நகராத கணினிக்கு மூன்று வாரத்தில் ஏறத்தாழ இருபது சுழற்சிகளைச் செலவழித்திருக்கிறீர்கள்.

சார்ஜரிலேயே இருப்பதால் பேட்டரிக்குள் மின்சாரம் அளவு மீறி ஏறிக்கொண்டே போகும் என்ற அச்சமும் வேண்டாம். நிறைந்ததும் உள்ளிருக்கும் சுற்று ஏற்றத்தை நிறுத்திவிடும். அதன்பின் கணினி சார்ஜர் தரும் மின்சாரத்திலேயே ஓடும். உண்மையான சிக்கல், நிறைந்த நிலையிலேயே நெடுநாள் இருப்பதுதான். வழக்கமான வகைகளில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு கலமும் (செல்) நிறையும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த உயர் மின்னழுத்தத்தில் உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைவுபடுகின்றன. மின்னோட்டத்தில் பங்கேற்க வேண்டிய லித்தியம் சிறிது சிறிதாக அவற்றில் சிக்கி வீணாகிறது. வெப்பமும் சேர்ந்துகொண்டால் இந்தத் தேய்வு இன்னும் வேகமெடுக்கும்.

ஆகவே, 80 விழுக்காட்டிலேயே ஏற்றம் நின்றுவிடும்படி வரம்பு வையுங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலியிலும், ஆசுஸில் மைஆசுஸ் செயலியிலும் இதற்கான அமைப்பு உண்டு. டெல், எச்பி கணினிகள் பலவற்றில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர், வன்பொருள் இடம் கொடுத்தால், டிஎல்பி மென்பொருள் வழியாக வரம்பு வைக்கலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் வெப்பத்தைப் பற்றிய வரியைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பழைய கணினியை நான்கு ஆண்டுகள், மூடியை மூடி வெளித்திரையுடன் இணைத்து, காற்றோட்டம் இல்லாத அலமாரித் தட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் தொடுபலகையின் இடப்பக்க முனை அழுத்தினால் கீழிறங்கவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது பலகையின் நடுப்பகுதி நூலளவு மேடாகியிருந்தது. கீழே இருந்த பேட்டரி உப்பியிருந்தது. இப்படிக் கண்டால் கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றிவிடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும்.

மறுமொழி 3

பேட்டரியைக் கழற்றுவது பற்றி: இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே திருகப்பட்டிருக்கும். கழற்ற முடிந்தாலும், மின்சாரம் நின்ற கணமே சேமிக்காத பக்கங்கள் போய்விடும். சில கணினிகள் பேட்டரி இல்லாதபோது மையச் செயலகத்தின் (பிராசசர்) வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எழுத்து வேலை செய்யும் உங்களுக்கு அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரம்பை 80-இல் வைத்துவிட்டேன். விசிறியின் துளைகளில் அடைந்திருந்த தூசியையும் அகற்றினேன். இழந்த கொள்ளளவு இனித் திரும்புமா?

மறுமொழி 1

திரும்பாது. ஆனால் வரம்பு வைத்தபின் தேயும் வேகம் குறையும். மீதமுள்ள விழுக்காட்டைக் கணினி தவறாகக் காட்டுவதாகத் தோன்றினால் மட்டும், ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கி, மீண்டும் ஏற்றுங்கள். அது அளவீட்டைச் சரிசெய்வதற்கே. வெளியே எடுத்துச் செல்லும் நாளில், புறப்படுவதற்குச் சற்று முன்பு வரம்பை நீக்கி நிறைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் 80-க்கு மாற்ற மறவாதீர்கள்.