'பொருள் நிலைத்தன்மை' பொருந்துமா? 'தொடரிருப்பு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

கண்ணுக்கு மறைந்த பொருளும் இருந்துகொண்டேதான் இருக்கிறது என்று குழந்தை அறிவதற்கு (ஆங்கிலத்தில் object permanence) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் 'பொருள் நிலைத்தன்மை' என்று சொன்னீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நிலைத்தன்மை என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பது. பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனாலும் இருக்கிறது என்பதல்லவா இங்கே செய்தி?

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அவள் கை நீட்டிய கிலுகிலுப்பையைத் துண்டால் மூடினேன். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. அழக்கூட இல்லை. 'காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு' என்பது செல்லுபடியாகும் வயது! ஒன்பதாம் மாதத்தில் துண்டை இழுத்து எறிந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே தம் மூன்று பிள்ளைகளிடமும் இப்படித்தான் பார்த்துப் பார்த்துக் குறித்து, 1937இல் நூலாக்கினார். தேடி எடுப்பதையே அவர் சான்றாகக் கொண்டார். அதனால்தான் இதே இழையில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'மறைபொருள் தேடல்' இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 1985இல் உளவியலாளர் ரெனே பையார்ஜோன் குழுவினர் ஐந்து மாதக் குழந்தைகளைத் தேடச் சொல்லவில்லை, பார்க்க மட்டும் விட்டார்கள். ஒரு பலகை பின்பக்கமாகச் சாய்கிறது. அதன் பின்னால் ஒரு பெட்டி மறைந்திருக்கிறது. பெட்டியில் முட்டி நிற்க வேண்டிய பலகை முழுக்கச் சாய்ந்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். பெட்டி அங்கேயே இருப்பதை அறிந்ததால்தான் வியந்து பார்த்தார்கள் என்பது அக்குழுவின் முடிவு. அந்தப் பார்வைக்கு வேறு விளக்கம் சொல்வோரும் உண்டு. எப்படியானாலும் தேடலும் அறிதலும் வேறு. சொல்லுக்குள் தேடலைக் கட்டிப்போட வேண்டாம். மறைபொருள் என்றால் சித்தர் பாடல் நினைவு வேறு வருகிறது.

'பொருளிருப்பு' என்று போட்டுப் பார்த்தேன், ரேஷன் கடைப் பலகை ஆகிவிட்டது. 'மறைவிருப்பு' என்றால் மறை விருப்பு என்று பிரித்துப் படிப்பார்கள். அப்புறம்தான் 'தொடரிருப்பு' கிடைத்தது. வினைத்தொகை, தொடர்ந்த, தொடர்கிற, தொடரும் மூன்றும் அதற்குள் அடக்கம். "பொருள்களின் தொடரிருப்பு குழந்தைக்குப் பிடிபடுகிறது" என்று எழுதினால் தடங்கல் இல்லை.

இன்னொன்று. இடப்பக்கத் துணிக்கடியில் சில தடவை எடுத்துப் பழகிய குழந்தை, கண்ணெதிரே வலப்பக்கம் மாற்றி ஒளித்தாலும் இடப்பக்கமே தேடும். ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை இது உண்டு. இதற்குப் 'பழையிடப் பிழை' போதும் என்று நினைக்கிறேன்.

பொருளை உள்ளங்கைக்குள் மூடி எடுத்துப்போய், தலையணைக்கடியில் விட்டு, வெறுங்கையைக் காட்டும் சோதனைக்குத்தான் சொல் அமையவில்லை. 'காணா இடமாற்றம்' சரிவருமா? சொல்லுங்கள்.